கையைக் கடிக்காத செலவில் டரான்டுலாவுக்கு அழகான பெட்டி

வாசகர் ஒருவரின் கேள்வி: “என்னிடம் மயிரடர்ந்த பெரிய சிலந்தி வகையான டரான்டுலா இரண்டு இருக்கின்றன. ஒன்று வளர்ந்த மெக்சிகன் ரெட்னீ, கால் விரித்தால் 13 செ.மீ. வரும். இன்னொன்று பிங்க்டோ குஞ்சு, 2 செ.மீ.தான். இரண்டும் இப்போது சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. வரவேற்பறை அலமாரியில் வைத்துப் பார்க்கிற மாதிரி மாற்ற ஆசை. டெரேரியம் எனப்படும் ரெடிமேட் கண்ணாடி வளர்ப்புப் பெட்டிகளின் விலை கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில், சிலந்திக்கும் கெடுதல் இல்லாமல் என்ன செய்யலாம்?”

இதுவரை டப்பாவில் வைத்திருந்ததில் தவறொன்றும் இல்லை. டரான்டுலா பெரிய இடம் கேட்கிற உயிர் அல்ல. ரெட்னீயின் பூர்வீகம் மெக்சிகோவின் பசிபிக் கரையோர வறண்ட புதர்க்காடு. அங்கே வேருக்கும் பாறைக்கும் அடியில் வளை தோண்டிக்கொண்டு, இருட்டியதும் வளை வாசலில் வந்து உட்கார்ந்து, எதிரே வரும் பூச்சியைப் பிடித்துத் தின்றே காலத்தைக் கழிக்கும். பெண்ணாக இருந்தால் 20 வருடம் தாண்டியும் வாழும். அதனால் நீங்கள் இப்போது செய்யப்போகும் பெட்டி அநேகமாக அதன் ஆயுளுக்கும் போதும். என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: பெட்டியில் மிச்சம் பிடியுங்கள், மூடியிலும் மண்ணிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதலில் அளவு. தரையில் வாழும் சிலந்திக்குப் பெட்டியின் நீளம் கால் விரிப்பைப் போல 3 மடங்கு, அகலம் 2 மடங்கு இருந்தால் தாராளம். உங்கள் ரெட்னீக்கு 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறதே என்று உயரமான தொட்டியை வாங்கி, அடியில் நாலு விரற்கடை மண் போட்டுவிடுவார்கள். ரெட்னீ கண்ணாடியில் ஏறும். அதன் பாதங்களில் இருக்கிற நுண்ணிய மயிர்கள் வழுவழுப்பான பரப்பையும் பற்றிக்கொள்ளும். ஆனால் இவ்வளவு கனமான உடம்போடு ஏறினால் எப்போதாவது பிடி நழுவத்தான் செய்யும். வயிற்றுத் தோல் மெல்லியது. விழுந்து கிழிந்தால் உடல் திரவம் வெளியேறி, பெரும்பாலும் பிழைக்காது. அதனால் மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உங்களுக்கு அது 20 செ.மீ.க்குள். தொட்டி 30 செ.மீ. உயரமென்றால் 13, 14 செ.மீ.க்கு மண்ணைக் கொட்டிவிடுங்கள், தீர்ந்தது. அந்த ஆழம் வளை தோண்டவும் உதவும்.

சரி, பெட்டிக்கு எங்கே போவது? ஒழுகுகிற பழைய மீன் தொட்டியைத் தேடுங்கள். மீன் வளர்ப்பவருக்கு ஒழுகும் தொட்டியால் பயனில்லை, கொடுத்துவிடவே பார்ப்பார். நமக்கோ அதில் தண்ணீரே நிற்கப் போவதில்லை. 40, 45 செ.மீ. நீளமுள்ள தொட்டி ரெட்னீக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். மூலைகளில் சிலிக்கான் பசையின் பிடிப்பு உறுதியாக இருக்கிறதா, விளிம்பில் கண்ணாடி பெயர்ந்திருக்கிறதா என்று விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உப்புக்கறை வினிகரில் நனைத்த துணிக்குப் போய்விடும், பிறகு வெறும் தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். ஒன்றே ஒன்று முக்கியம்: அந்தத் தொட்டியில் இதற்கு முன் ஊர்வனவோ வேறு பிராணியோ இருந்து, உண்ணிக்கோ பேனுக்கோ மருந்து அடித்திருந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

இனி மூடி. மீன் தொட்டிகளோடும் ஊர்வனத் தொட்டிகளோடும் வருகிற உலோக வலை மூடியை டரான்டுலாவுக்கு வைக்காதீர்கள். ஒருநாள் காலையில் நான் விளக்கைப் போட்டபோது, ஒரு சிலந்தி மூடியிலிருந்து ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. டரான்டுலாவின் ஒவ்வொரு பாதத்தின் நுனியிலும் பூனைக்கு இருப்பது போல உள்ளிழுத்துக்கொள்ளும் குட்டி நகங்கள் உண்டு. அதில் ஒன்று வலைக்கண்ணில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஏழு கால்களும் காற்றைத் துழாவுகின்றன, இழுக்க இழுக்க நகம் இன்னும் இறுகுகிறது. ஒரு அட்டையை உடம்புக்கு அடியில் ஏந்தி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, நகம் தானாக நழுவும்வரை காத்திருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு அது பெரிய நேரம். அன்றைக்கே வலையைக் கழற்றினேன். நகம் மாட்டாத நுண்ணிய வலையாக இருந்தால் சிலந்தி அதைக் கோரைப்பல்லால் கடித்தே பிய்த்துவிடும். அதிலும் பல் உடைகிற ஆபத்து உண்டு.

மாற்று வழி, 5 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் தகடு. விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் கிடைக்கும், உங்கள் அளவுக்கு வெட்டியும் தருவார்கள். இரு ஓரங்களிலும் வரிசையாக 3, 4 மி.மீ. துளைகள் போடுங்கள். துளையிடும் இடத்தில் காகித டேப் ஒட்டி, அடியில் மரப்பலகை வைத்து, டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டினால் அக்ரிலிக் விரிசல் விடாது. துளையின் அளவுக்கு ஒரே விதிதான்: சிலந்தியின் முன்னுடம்பை மூடியிருக்கிற கெட்டியான ஓடு நுழையாத அளவாக இருக்க வேண்டும். வயிறு நசுங்கிக்கொடுக்கும், அந்த ஓடு கொடுக்காது. ஓடு நுழைந்தால் முழுச் சிலந்தியும் வெளியே வந்துவிடும்.

அக்ரிலிக்கில் ஒரு குறையும் உண்டு. கீழ்ப்பக்கம் ஈரம், மேல்பக்கம் காய்ந்த காற்று என்று இருந்தால் தகடு மெல்ல வளைந்து, மூலையில் இடைவெளி விடும். மெல்லிய தகட்டில் இது சில வாரங்களிலேயே தெரியும். அவ்வப்போது மூடியைத் திருப்பிப் போட்டால் வளைவு நிமிர்ந்துவிடும். மூடி கனமாக இருக்கிறதே என்று நம்பாமல் இருபுறமும் கிளிப் போடுங்கள். டரான்டுலா மூடியை முதுகால் நெம்பித் தள்ளும், அதற்கு நாம் நினைப்பதைவிடப் பலம் அதிகம். துடைப்பதற்கு ஈரத்துணி போதும். ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து மங்கிவிடும்.

மீன் தொட்டி கிடைக்கவில்லையா? ஷூக்களையும் பொம்மைக் கார்களையும் காட்சிக்கு வைக்கிற, முன்கதவுள்ள தெளிவான பெட்டிகளைப் பாருங்கள். அடுக்கிவைத்தால் அலமாரியில் அழகாக இருக்கும். ஆனால் கதவு அடியிலிருந்தே திறக்கும், மண் சரிந்து கொட்டும். உள்ளே கதவை ஒட்டி 8, 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு அக்ரிலிக் பட்டையைச் சிலிக்கானால் ஒட்டிவிடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானாகப் பார்த்து வாங்கி, அதன் வாடை முழுக்கப் போகும்வரை சிலந்தியை விடாதீர்கள். காந்தத்தால் மூடும் கதவாக இருந்தால் கூடுதலாக ஒரு கொக்கியும் வேண்டும்.

பிங்க்டோவின் கதை வேறு. தென் அமெரிக்க மழைக்காட்டு மரங்களில் வாழும் இனம் அது, அதற்கு உயரம்தான் வீடு. ஆனால் 2 செ.மீ. குஞ்சை இப்போதே காட்சிப்பெட்டியில் விட வேண்டாம். அவ்வளவு பெரிய இடத்தில் இரை அதன் கண்ணில் படாது, அது உங்கள் கண்ணில் படாது. சாப்பிட்டதா என்றே தெரியாமல் நாள் போகும். கால் விரிப்பு 5, 6 செ.மீ. ஆகும்வரை ஒரு சிறிய, உயரமான தெளிவான டப்பா போதும். இங்கே ஒரு சின்ன உத்தி. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூடி அடியில் வரும், மண் மூடிக்குள் இருக்கும். இந்தச் சிலந்தி மேல்மூலையில்தான் பட்டுக்கூடு மாதிரி வலை பின்னும். டப்பா நிமிர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த வீடு கிழியும். கவிழ்த்து வைத்தால் கிழியாது.

இந்த இனத்தில் குஞ்சுகள் சாவதற்குப் பெரிய காரணம் ஈரமும் தேங்கிய காற்றும் சேர்வது. ஈரப்பதம் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, காற்றே போகாத டப்பாவில் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். தெளிப்பதைக் குறைத்துக் காற்றைக் கூட்டுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில், ஒரு பக்கம் கீழே, மறுபக்கம் மேலே துளைகள் இருந்தால் காற்று குறுக்கே ஓடும். குஞ்சுக்கு ஒன்றரை மி.மீ. துளை சரியாக இருக்கும். சூடான சால்டரிங் அயர்னாலோ ஊசியாலோ உள்ளிருந்து வெளியே குத்துங்கள். உருகிய பிளாஸ்டிக்கின் கூர் விளிம்பு அப்போதுதான் வெளிப்பக்கம் நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. வளர்ந்த பிறகு 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், 30 செ.மீ. உயரத்தில் முன்கதவுப் பெட்டி ஒன்று செய்து, குறுக்கே ஒரு கார்க் மரப்பட்டையைச் சாய்த்து வைத்தால் போதும்.

இப்போது அழகு. ரெட்னீயின் அழகே கறுப்பு உடம்பில் எரிகிற ஆரஞ்சு முழங்கால்கள்தான். அந்த நிறத்தை எடுத்துக் காட்டுவது கரும்பழுப்பு மண். வண்ணக் கூழாங்கல்லும் வெள்ளை மணலும் அதை அடித்துவிடும். உரம் கலக்காத தென்னைநார்த் தூளையும், பூச்சிமருந்து படாத தோட்டமண்ணையும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். வெறும் நார்த்தூள் காய்ந்ததும் உதிர்ந்து, வளை நிற்காது. கலவையைப் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு நனைத்து, அடுக்கடுக்காகப் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த சரிவாக அமைத்தால் சின்னத் தொட்டியும் ஆழமாகத் தெரியும். மேலே காய்ந்த சருகு கொஞ்சம், ஒரு முறுக்கிய வேர்த்துண்டு, பின் மூலையில் பாதி புதைத்த கார்க் பட்டையோ உடைந்த மண்சட்டியோ ஒன்று. அதன் வாய் உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், மாலையில் சிலந்தி வாசலுக்கு வரும்போது முழுசாகப் பார்க்கலாம். தேவதாரு போன்ற பிசின் மணமுள்ள மரங்களைத் தவிருங்கள். கல் வைப்பதானால் மண்ணுக்கு முன்பே தொட்டியின் தரையில் வைத்துவிட்டு அதைச் சுற்றி மண் போடுங்கள். மண்மேல் வைத்த கல், அடியில் வளை தோண்டும் சிலந்தியின் மேலேயே அமுங்கும்.

இதற்கெல்லாம் மேல் எனக்குப் பிடித்தது கறுப்புத் தாள். தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரு பக்கவாட்டுக்கும் வெளியிலிருந்து ஒட்டிவிடுங்கள். பழைய கண்ணாடியின் கீறல்கள் மறையும், கண் நேராக உள்ளே போகும். மூன்று பக்கம் இருட்டாக இருப்பதால் சிலந்தியும் பதுங்கியே கிடக்காமல் வெளியே வர ஆரம்பிக்கும். இவ்வளவு மலிவாக இவ்வளவு மாற்றம் தருகிற வேறு பொருளை நான் பார்த்ததில்லை.

தண்ணீருக்கு ஆழமற்ற ஒரு கிண்ணம் போதும், பஞ்சு போட வேண்டாம். பிங்க்டோ பெரிதானதும் அதன் பெட்டியில் மணிபிளான்ட் தண்டு ஒன்று நடலாம். விளக்கு வேண்டுமென்றால் சூடாகாத எல்இடி பட்டையை வெளியே ஒட்டி, பார்க்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். அது உங்களுக்காகத்தான், சிலந்திக்குத் தேவையில்லை. வெயில் விழும் ஜன்னலருகே வைக்கவே வைக்காதீர்கள், மூடிய கண்ணாடிப் பெட்டி சீக்கிரம் அடுப்பாகிவிடும். அடியில் வெப்பத் தகடும் வேண்டாம். காட்டில் சூடு ஏறினால் சிலந்தி கீழே தோண்டிக் குளிர்ச்சி தேடும். தகடு அடியில் இருந்தால் தோண்டத் தோண்டச் சூடுதான் கிடைக்கும்.

பெட்டி தயாரானதும் உடனே குடியேற்றாதீர்கள். ரெட்னீக்கு மேல்மண் நன்றாகக் காய ஒரு வாரம் விடுங்கள். அது சாப்பாட்டை நிறுத்தியிருந்தாலோ, வயிற்றில் மயிர் உதிர்ந்த வழுக்கைப் பகுதி கறுத்திருந்தாலோ தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது தொடாமல், உரித்து இரண்டு வாரமாவது ஆன பிறகு மாற்றுங்கள். பழைய டப்பாவின் மண்ணிலும் அது உதிர்த்த அரிக்கும் மயிர்கள் கிடக்கும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு காலி செய்யுங்கள், கண்ணில் பட்டால் தொல்லை பெரிது.

புது வீட்டில் முதல் சில நாள் சுவரோரமாகவே நடக்கும், கண்ணாடியில் ஏறும், இரையைத் தொடாது. மண் ஈரமாக இருந்தாலும் இப்படித்தான் செய்யும், அதனால் விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி அது பட்டையின் அடியிலிருந்து மண்ணை உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டு வந்து, தண்ணீர்க் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொட்டும். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் அதன் முதல் பூச்சியைப் போடுங்கள்.