வாசகர் கேள்வி-பதில்: லைன்பேக்கர் லூக் கீக்லி 28 வயதில் ஏன் நிறுத்தினார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்பேக்கராக ஆடுபவர்களைப் பற்றியும், கரோலைனா பேந்தர்ஸ் அணியில் அந்த இடத்தில் ஆடிய லூக் கீக்லியைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: அமெரிக்கன் ஃபுட்பாலைப் பார்த்தால் எல்லாரும் குவியலாக விழுவதுதான் தெரிகிறது. இதில் லைன்பேக்கர் யார்? (வாசகி, கும்பகோணம்)

ப: அடுத்த முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுத் தற்காப்பு அணியை மட்டும் பாருங்கள். 11 பேரில் முன்வரிசையில் மூன்று நான்கு கனத்த ஆட்கள் தரையில் கை ஊன்றி நிற்பார்கள். அவர்களுக்கு நாலைந்து யார்டு பின்னால், முழங்காலை லேசாக மடக்கி, தலை நிமிர்ந்து நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். பந்தை ஏந்தி ஓடி வருபவரை மடக்க வேண்டும். பந்தை எறிந்தால் பின்னால் ஓடி இடத்தை அடைக்க வேண்டும். சில சமயம் எறிபவர் மீதே பாய வேண்டும். மூன்றில் எது என்று அரை விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்த இடம் கடினம்.

நடுவில் நிற்பவரை ‘மைக்’ என்பார்கள். பெரும்பாலும் அவர் ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். உள்ளே ரேடியோ இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் தற்காப்பு அணிக்கு இந்த வசதி 2008-ல் வந்தது. ஒரு ஆட்டம் (முழுப் போட்டி அல்ல, பந்து கிளம்பி நிற்கும்வரை நடக்கும் ஒரு முயற்சி) முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி அவகாசம். அதில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது பயிற்சியாளரின் குரல் துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாறினால், யார் எங்கே நிற்பது என்று கத்திச் சொல்ல வேண்டியவர் மைக்தான்.

கே: எதிரணி என்ன ஆடப்போகிறது என்பதை லூக் கீக்லி முன்கூட்டியே சொல்லிவிடுவார் என்கிறார்களே, எப்படி? (வாசகர், மதுரை)

ப: ஊகம் இல்லை, படிப்பு. பழைய ஆட்டங்களின் வீடியோவை அவர் மணிக்கணக்கில் பார்ப்பார் என்பது கரோலைனா பேந்தர்ஸ் அணியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எதிரணியினர் எந்த அமைப்பில் நிற்கிறார்கள், முன்னேற இன்னும் எத்தனை யார்டு தேவை, யார் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த அணி வழக்கமாக ஆடும் இரண்டு மூன்று ஆட்டங்களே மிஞ்சும்.

பந்து கிளம்பிய பிறகு பார்க்க வேண்டியது எதிரணியில் ‘கார்டு’ எனப்படும் முன்வரிசைக்காரரின் ஹெல்மெட்டை. அது மேலே எழுந்து பின்னால் போனால் பாஸ், அதாவது பந்தை எறியப் போகிறார்கள். தாழ்வாக முன்னால் பாய்ந்தால் ஓட்டம். அவர் வரிசையை விட்டுப் பின்பக்கமாகப் பக்கவாட்டில் ஓடினால், அவர் போகும் திசையில்தான் பெரும்பாலும் பந்தும் போகும். பந்து கிளம்பும் முன்பேகூட அவர் தரையில் ஊன்றிய விரல்கள் பேசும். பாரம் முழுக்க விரல் நுனியில் இறங்கி நகம் வெளுத்திருந்தால் முன்னால் பாயத் தயாராகிறார் என்று அர்த்தம். விரல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் பின்வாங்கப் போகிறார். இது தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் எப்போதும் கிடைக்காது. கிடைத்தால் விடக்கூடாது.

தவறு எங்கே நடக்கிறது? பந்தைப் பார்ப்பதில். எறிபவர் பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்வார். பந்தைப் பார்க்கும் லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வந்துவிடுவார். அவ்வளவுதான், அவர் முதுகுக்குப் பின்னால் 10, 15 யார்டு திறந்து கிடக்கும், பந்து அங்கே போய்விடும். கார்டு இந்த ஏமாற்றில் முழுதாகப் பங்கெடுக்க முடியாது. என்.எஃப்.எல். விதிப்படி, பாஸ் ஆட்டத்தில் பந்து கையை விட்டுப் போவதற்குள் அவர் தன் கோட்டிலிருந்து ஒரு யார்டுக்கு மேல் முன்னால் போகக்கூடாது. அதனால் எங்கோ ஓரிடத்தில் அவர் நின்றாக வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் இந்த எல்லை 3 யார்டு. கல்லூரியில் கார்டை மட்டும் நம்பி ஆடும் பையன்கள் ஏமாறுவது இதனால்தான்.

2015 பருவத்தில் இந்தப் படிப்பின் பலனை எல்லாரும் பார்த்தார்கள். நன்றி நவிலல் நாளன்று டல்லஸுக்கு எதிராக அடுத்தடுத்த இரண்டு பாஸ்களைக் கீக்லி பறித்தார், அதில் ஒன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). பிறகு பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளில் சியாட்டிலுக்கு எதிராக ஒன்று, அரிசோனாவுக்கு எதிராக ஒன்று, இரண்டுமே டச்டவுன். பேந்தர்ஸ் சூப்பர் பவுல் 50 எனும் இறுதிப் போட்டி வரை போய் டென்வரிடம் 24–10 என்று தோற்றது.

கே: இந்த இடத்துக்கு எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் வேண்டும்? (வாசகர், சேலம்)

ப: கீக்லியின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 தேர்வு முகாமில் 6 அடி 3 அங்குலம், 242 பவுண்டு (சுமார் 110 கிலோ). 40 யார்டு ஓட்டம் 4.58 விநாடி. 225 பவுண்டு பாரத்தை மல்லாந்து படுத்தபடி 27 முறை தூக்கினார். பாஸ்டன் கல்லூரியில் மூன்றே ஆண்டு ஆடிவிட்டு அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், ஒன்பதாவது ஆளாகத் தேர்வானார். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருது, அடுத்த ஆண்டு சிறந்த தற்காப்பு வீரர் விருது.

கே: டெக்சாஸில் ஹைஸ்கூலில் படிக்கும் என் மகன் லைன்பேக்கராக ஆடுகிறான். டேக்கிள் செய்யும்போது, அதாவது எதிராளியை மடக்கி வீழ்த்தும்போது, தலையைக் குனிகிறான். பயமாக இருக்கிறது. (ஒரு தாய், டல்லஸ்)

ப: உங்கள் பயம் நியாயமானது. இதை உடனே திருத்த வேண்டும். கழுத்து இயல்பாகச் சற்று வளைந்திருக்கும்; மோதலின் அதிர்வை அந்த வளைவும் தசைகளும் வாங்கிக்கொள்ளும். தலை குனிந்ததும் வளைவு நேராகிவிடும். உச்சந்தலையில் விழும் அடி முழுக்கக் கழுத்தெலும்புகளின் மேல் நேராக இறங்கும். கழுத்து முறிந்து கைகால் விழுவது இந்த நிலையில்தான். 1976-லேயே ஹைஸ்கூலிலும் கல்லூரியிலும் ஹெல்மெட்டால் முட்டுவதைத் தடை செய்தார்கள்.

அவனிடம் சொல்ல வேண்டியது இது. ஓடிப்போய் நெருங்கும்போது கடைசி இரண்டு மூன்று மீட்டரில் அடிகளைச் சிறிதாக்க வேண்டும். கண் எதிராளியின் இடுப்பில் இருக்கட்டும். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. வலது தோளால் இடிக்கிறான் என்றால் வலது காலை எதிராளிக்கு மிக அருகில் ஊன்ற வேண்டும். கன்னம் எதிராளியின் உடலின் பின்பக்கமாக, இடுப்பை ஒட்டி இருக்க வேண்டும், ஓடும் வழிக்குக் குறுக்கே அல்ல. தோள் தொடையில் பட்டதும் இரு கைகளாலும் இரு தொடைகளையும் சுற்றி இறுக்கி, கால்களை நிறுத்தாமல் நாலைந்து அடி தள்ள வேண்டும்.

பையன்கள் தலையைக் குனிவதற்கு முக்கியக் காரணம் தூரம். ஒரு மீட்டர் தள்ளியிருந்தே பாய்ந்தால் உடம்பு முன்னால் சாயும், தலை தானாகக் கீழே போகும். காலை அருகில் ஊன்றக் கற்றுக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் வாரம் நடை வேகத்தில், மெத்தை உருளையை வைத்து மட்டும் செய்யட்டும்.

ஹெல்மெட்டையும் பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் நிற்க வேண்டும். பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது தளர்வு. முடி வெட்டிய பிறகு மறுபடி சரிபார்க்க மறக்காதீர்கள்.

கே: உச்சத்தில் இருந்த கீக்லி எட்டே ஆண்டில் ஏன் விலகினார்? (வாசகர், கொழும்பு)

ப: எட்டுப் பருவங்களில் மொத்தம் 128 ஆட்டம். ஆடியது 118. தவறிய பத்தும் கன்கஷனை, அதாவது மூளை அதிர்வுக் காயத்தை ஒட்டியவை: 2015-ல் மூன்று, 2016-ல் ஆறு, 2017-ல் ஒன்று. 2016 நவம்பர் 17 அன்று நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது தேம்பித் தேம்பி அழுதார். வலியால் அழுதார் என்று பலர் நினைத்தார்கள். உணர்ச்சி கட்டுக்குள் நிற்காமல் போவதே மூளை அதிர்வின் அறிகுறிகளில் ஒன்று.

அடிபட்டவர் திரும்பி வர என்.எஃப்.எல்.லில் ஐந்து கட்டம் உண்டு: ஓய்வு, மெதுவான உடற்பயிற்சி, ஆட்டம் சார்ந்த பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, கடைசியில் அணியைச் சாராத நரம்பியல் மருத்துவரின் அனுமதி. அறிகுறி திரும்பினால் நிறுத்த வேண்டியதுதான். கீக்லி பிற்பாடு கழுத்தில் ஒரு வளையமும் அணிந்தார். அது கழுத்து நாளங்களை லேசாக அழுத்தி மண்டையோட்டுக்குள் ரத்தத்தைச் சற்று கூட்டி, மூளை குலுங்குவதைக் குறைக்கும் நோக்கத்தில் செய்தது.

2020 ஜனவரியில், 28 வயதில், விலகினார். ஏழு முறை புரோ பவுல் எனும் நட்சத்திர அணியில் இடம், ஐந்து முறை லீகின் அந்த ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலின் முதல் அணியில் இடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேக்கிள்கள். உடம்பில் வேகம் மிச்சமிருந்தபோதே எடுத்த முடிவு. அது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து. 20 பருவங்கள் ஆடிய லைன்பேக்கர் ஜூனியர் சேவ் 2012-ல் 43 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. எனும் நாள்பட்ட மூளைச் சிதைவு உறுதியானது. உயிரோடிருக்கும் ஒருவருக்கு இந்த நோயை உறுதிசெய்ய இன்றுவரை வழியில்லை. எத்தனை அடிக்குப் பிறகு நிறுத்துவது என்று எந்த மருத்துவரும் எண் சொல்ல முடியாததும் அதனால்தான்.

கே: விலகினால் ஒப்பந்தப் பணம் முழுதும் வருமா? (வாசகர், ஈரோடு)

ப: வராது. 2015-ல் கீக்லி போட்ட ஐந்தாண்டு நீட்டிப்பு சுமார் 62 மில்லியன் டாலர். செய்தித் தலைப்பில் வரும் தொகை வேறு, உத்தரவாதத் தொகை வேறு. ஆடாத ஆண்டுகளின் சம்பளம் கிடையாது.

கே: இப்போது அவர் ஆட்டத்தை விட்டே போய்விட்டாரா? (வாசகர், பெங்களூரு)

ப: இல்லை. 2020-லேயே பேந்தர்ஸ் அணிக்கு ஆட்டக்காரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்டாகச் சேர்ந்து ஒரு பருவம் வேலை பார்த்தார். பிறகு அதே அணியின் ஆட்டங்களுக்கு வானொலியில் வர்ணனைக்கு வந்தார்.