முப்பது தடவை முக்கியும் மின்னோட்டம் ஏறவில்லை, ஏன்?

கேள்வி: சூரிய மின்கலம் செய்ய, கண்ணாடியில் வளர்த்த துத்தநாக ஆக்சைடு நானோதண்டுகள்மேல் காட்மியம் சல்பைடு பூசுகிறேன். காட்மியம் கரைசலிலும் சல்பைடு கரைசலிலும் மாறிமாறி 30 சுற்று முக்கியதில் நிறம் நன்றாக ஏறிவிட்டது. ஆனால் 10 சுற்றில் கிடைத்ததைவிட மின்னோட்டம் குறைவு. (பாலிடெக்னிக் இறுதியாண்டு, சிங்கப்பூர்)

நிறத்தை நம்பியதுதான் தப்பு. துத்தநாக ஆக்சைடின் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்ப ஒளியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) ஏறக்குறைய 3.3 எலக்ட்ரான்வோல்ட், புற ஊதாவைத் தவிர எதையும் தொடாது. காட்மியம் சல்பைடுக்கு 2.4 என்பதால் நீலத்தையும் பிடிக்கும், எலக்ட்ரானைத் தண்டுக்குள் தள்ளும். மிஞ்சுகிற துளையை, அதாவது எலக்ட்ரான் போன நேர்மின் காலியிடத்தை, தண்டுகளின் இடுக்கில் நிற்கும் பாலிசல்பைடு திரவம் வாங்கிக்கொள்ள வேண்டும். 30 சுற்றில் அந்த இடுக்கே தூர்ந்துபோகும். தலையில் குல்லா போட்டதுபோல் பூச்சு கெட்டியாக இருக்கும், அடியில் திரவமே இறங்காது. மேலிருந்து எடுத்த எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் இது தெரியாது. கண்ணாடியை உடைத்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள்.

தண்டுகளை வழக்கம்போல 25 மில்லிமோலார் ஜிங்க் நைட்ரேட், அதே அளவு எச்எம்டிஏ (ஹெக்சாமெத்திலீன்டெட்ராமின்), 90 டிகிரி, கண்ணாடி கவிழ்த்தபடி வளர்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பூச்சுக்குக் காட்மியம் நைட்ரேட் 0.05 மோலார் மெத்தனாலில், சோடியம் சல்பைடு 0.05 மோலார் மெத்தனாலும் தண்ணீரும் சரிபாதியில். வெறும் தண்ணீரைவிட இது இடுக்குக்குள் நன்றாக இறங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம், நடுவே மெத்தனாலில் ஒரு நிமிடமாவது அலசல். அலசலைச் சுருக்கினால் சல்பைடு குடுவையே மஞ்சளாகக் கலங்கும். அந்தத் தூள்தான் தலையில் படிகிறது. 5, 8, 10, 12, 15 சுற்றுகளுக்குத் தனித்தனிக் கண்ணாடி போட்டு அளந்துபாருங்கள். கடைசியாக, பாதுகாப்பு உறையாக இரண்டு சுற்று ஜிங்க் சல்பைடு.

சோடியம் சல்பைடு நம்மூர் ஈரக்காற்றில் கசிந்து கூழாகிவிடும். அப்புறம் நீங்கள் நிறுப்பதில் தண்ணீரும் சேர்த்தி. பாட்டிலை உடனே மூடுங்கள், கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடில் முக்கச் சொல்லி யாராவது கீழே எழுதுவார்கள். அது டைட்டானியம் டை ஆக்சைடில் செய்த கலங்களுக்கான வைத்தியம். அதிலிருந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உங்கள் தண்டையே தின்றுவிடும். ஆவியிலிருந்து அடுக்கடுக்காகப் பூசும் அணுவடுக்குப் படிவு இயந்திரம் கையில் இருந்தால் வேறு கதை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத எரிச்சல் ஒன்று: 'செயல்திறன் இரட்டிப்பு' என்று செய்தி போடுகிறவர்கள் எதிலிருந்து எதற்கு என்று எழுதுவதே இல்லை. அரை விழுக்காடு ஒன்றானாலும் இரட்டிப்புதான். வீவக (சிங்கப்பூர் அரசுக் குடியிருப்பு) புளோக் மாடியில் கிடக்கும் சிலிக்கான் பலகை 20 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடுகிறது. இந்த ஆய்வு வீண் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

காட்மியம் கழிவை சிங்க்கில் ஊற்றாதீர்கள், தனி பாட்டிலில் சேருங்கள். சல்பைடு கழிவில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். சல்பைடு கழிவையும் அமிலத்தையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.