மேடை இசையிலிருந்து உருவான சிம்பொனியைப் புதிய படைப்பு என்று சொல்லலாமா?

ஓபரா என்னும் இசை நாடகத்துக்கோ பாலே என்னும் நடன நாடகத்துக்கோ எழுதிய இசையை அதே இசையமைப்பாளர் கச்சேரி அரங்குக்காக மாற்றி எழுதும்போது, அது பழையதன் தொகுப்புதானே என்பது கேள்வி. பல சமயங்களில் அப்படித்தான். ஆனால், கதையின் வரிசையைக் கைவிட்டு, இசைக்குரிய காரணங்களுக்காகவே மெட்டுகள் மறுபடி அடுக்கப்பட்டிருந்தால் அதைப் புதிய படைப்பாகவே நான் கொள்வேன்.

ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபியேவின் மூன்றாம் சிம்பொனி இதற்கு நல்ல சான்று. 1919 முதல் 1927 வரை அவர் உழைத்த ‘அக்கினித் தேவதூதன்’ ஓபராவைப் பெர்லினில் அரங்கேற்ற இசைக்குழு நடத்துநர் புரூனோ வால்டர் திட்டமிட்டிருந்தும் அது கைகூடவில்லை. கிடப்பில் போன அந்த இசையிலிருந்து 1928இல் எழுந்ததே இச்சிம்பொனி. அடுத்த ஆண்டு பாரிஸில் பியர் மோன்ட்டோ அதை முதன்முதலாக நடத்தினார். ஓபராவில் வெவ்வேறு பாத்திரங்களுக்குரியவையாக இருந்த மெட்டுகள், முதல் பகுதியில், மெட்டுகளை அறிமுகப்படுத்தி, வளர்த்து, மீண்டும் கொண்டுவரும் சொனாட்டா வடிவத்துக்குள் வந்து, ஒன்றோடொன்று மோதியும் பின்னியும் வளர்கின்றன. யார் பாடியது, எதற்காகப் பாடியது என்பதை அறியாதவருக்கும் அந்த மோதல் முழுமையாகப் புரியும். மூன்றாம் பகுதியில் தந்தி வாத்தியங்கள் பல குரல்களாகப் பிரிந்து எழுப்பும் நடுக்கமான சலசலப்பு, மேடையில் ஆவிகளை அழைக்கும் காட்சிக்குப் பின்னணியாக இருந்தது. இங்கே காட்சியும் இல்லை, பாடகரும் இல்லை, ஆகவே அந்த ஒலியே நிகழ்வாகிவிடுகிறது. (என் காதுக்கு இங்கேதான் அது இன்னும் அச்சமூட்டுகிறது.) இதைக் கதை சொல்லும் சிம்பொனியாகக் கொள்வதைப் புரோகோஃபியேவ் விரும்பவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஓபராவோ, அவர் 1953இல் மறைந்த பிறகே, 1955இல் வெனிஸில் மேடையேறியது.

எல்லா மாற்றங்களும் இவ்வளவு ஆழமானவை அல்ல. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே 1872இல் ‘லார்லேசியென்’ நாடகத்துக்காக 26 பேர் கொண்ட சிறு குழுவுக்கு எழுதிய இசையைச் சில பகுதிகளாகத் தேர்ந்தெடுத்து, அதே ஆண்டில் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தார். கேட்க இனிமையானது, வாத்திய அமைப்பில் கைதேர்ந்த வேலை. என்றாலும் பகுதிகள் தனித்தனியாகவே நிற்கின்றன.

புரோகோஃபியேவின் நான்காம் சிம்பொனியை இவ்விரண்டுக்கும் இடையில் வைப்பேன். 1929இல் வந்த ‘ஊதாரி மகன்’ பாலேயின் இசையைக் கொண்டு 1930இல் எழுதிய அதை, 1947இல் அவரே மிகவும் நீட்டி மறுபடி எழுதினார். முந்தைய வடிவத்தில் பாலேயின் தையல்கள் ஆங்காங்கே தெரிகின்றன; பிந்தையதில் அவற்றை மறைக்கச் சேர்த்த கனமே சற்றுச் சுமையாகிவிட்டது.