கொழும்பில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத இடங்கள் எவை? தனியாகப் போகிறவர் முன்பின் தெரியாதவர்களோடு எப்படிப் பழகுவது?

நீங்கள் சென்னைப் பக்கமிருந்து வருகிறீர்கள், காலிமுகத்திடல் பக்கம் அறை போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கங்காராமையையும் தாமரைக் கோபுரத்தையும் உங்களுக்கு யாரும் காட்டுவார்கள். 'தெரியாதவர்களோடு எப்படிப் பழகுவது' என்று சர்வசாதாரணமாகக் கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்தது 2007 தொடக்கத்தில். அந்த ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நின்றது. நான் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அறையில் இருந்ததால் தப்பினேன். அப்போதெல்லாம் தெரியாத ஆள் 'எந்த ஊர்?' என்று கேட்டால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை எடுக்க. யுத்தம் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒன்பது வருஷமாக என் கொழும்பு என்றால் வெள்ளவத்தை, கோட்டையில் அலுவலகம், வெள்ளிக்கிழமைகளில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோவில், அவ்வளவுதான்.

2016 மே மாதம், வெள்ளம் வந்த கிழமை. கோட்டைக்குப் போகிற ரெயில் கொம்பனித்தெரு ஸ்டேஷனில் நின்றது, நின்றதுதான். பொறுமை போய் இறங்கி நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கி பிளேன்டீ சொன்னேன். பக்கத்தில் சாரம் கட்டிய ஒரு வயதானவர், உள்ளங்கையில் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"கொழும்புதான்."

"பொய். கடைக்காரன்ட்ட ஓமோம் எண்டு ரெண்டு தரம் சொன்னீங்க. யாழ்ப்பாணந்தானே?"

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பயப்பட வேணாம். நாங்க மலாய். எங்கட ஆக்கள் ஒல்லாந்தர், டச்சுக்காரன்ட காலத்தில ஜாவாவில இருந்து வந்தது. இன்னும் எங்களையும் எந்த ஊர் எண்டுதான் கேக்குறாங்க."

மழை விட்டதும் தன் தெருக்களைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்துக்கு அன்று லீவு சொல்லிவிட்டேன். 18ஆம் நூற்றாண்டில் மலாய்க்காரர் எழுப்பிய வேகந்தைப் பள்ளிவாசல். 1983 கலவரத்தில் எரிந்துபோன ரியோ தியேட்டர். அதன் முன்னால் நின்று அங்கிள் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் கியூ வீதியில் திரும்பினால் பெரிய கோபுரம்! சிவசுப்பிரமணிய சுவாமி கோவில். ஒன்பது வருஷமாக இதே ஸ்டேஷனைத் தாண்டிப் போய் வந்தவனுக்கு முருகன் கோவிலைக் காட்டித்தர ஒரு மலாய்க்காரர் வேண்டியிருந்தது. நான் உள்ளே போய் வரும்வரை என் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் வீட்டில் பிட்டும் பாபாத்தும் வைத்தார்கள். பாபாத் மாட்டுக் குடல் கறி. நான் சைவம், சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிட்டை மட்டும் சாப்பிட்டேன். பாபாத் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு பிளேன்டீயில் இந்த நாட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பின்னூட்டத்தில் வகுப்பெடுக்க வரவேண்டாம். பெண்கள் தனியாகப் போனால் கதை வேறு, அதைச் சொல்ல நான் ஆளில்லை. ஏமாற்றுக்காரர்களும் உண்டு. காலிமுகத்திடலில் தானாக வந்து 'இன்றைக்குக் கோவிலில் யானைத் திருவிழா, கடைசி நாள்' என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். ஓட்டோ கடைசியில் நிற்பது இரத்தினக்கல் கடை வாசலில். உங்களைத் தேடி வருகிறவரை விட்டுவிட்டு, தன் பாட்டில் தேத்தண்ணி குடிக்கிறவரிடம் வழி கேளுங்கள். போனை எடுத்துப் படம் பிடிப்பது பிறகு.

புறக்கோட்டைக்கும் அப்படித்தான் போனேன். சிவப்புப் பள்ளிவாசலுக்கு எல்லாரும் போகிறார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மேட்டில் இருக்கிற வொல்வெண்டால் தேவாலயத்துக்கு ஆள் போவதில்லை. 1749இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கியது. நடப்பது முழுக்கக் கல்லறைக் கற்களின் மேல்தான். வழி சொன்னவர் ஒரு நாட்டாமை. ஊர்ப் பஞ்சாயத்து நாட்டாமை இல்லை, இங்கே மூட்டை சுமந்து கைவண்டி தள்ளுகிறவரைத்தான் அப்படிச் சொல்வோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். வண்டியை வழியிலேயே விட்டுவிட்டு முடுக்கு வரை கூட வந்தார்.

இதையெல்லாம் பார்க்கிறபோது எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டை நினைத்தால்தான் எரிச்சல். எதிர்க் கதவுக்காரரும் நம்மட ஆட்கள், ஆறு வருஷம், கதவுச் சங்கிலியை எடுக்காமல்தான் கதைப்பார்கள். அறை பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் கேட்டதும் அதே 'எந்த ஊர்'தான். அதற்கும் மேலே, ஊருக்குள் எந்தப் பகுதி என்று. ஏன் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். சரி, அது வேறு கதை.

நான் ஒதுங்கிய அந்தக் கடை வரிசை இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அங்கிள் மாடிக் குடியிருப்பில் பன்னிரண்டாம் தட்டில் இருக்கிறார். லிஃப்ட் வேலை செய்கிற நாளில் போன் எடுத்து, "இன்டைக்கு வாங்க தம்பி" என்பார். போன ஞாயிறு நான் வந்து சேர்வதற்குள் அது நின்றுவிட்டது. ஏறித்தான் போனேன். கையில் ஒரு கிலோ சீனி.