மகள் போட்டோ எடிட்டிங் படிக்கட்டுமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் இன்ஜினீயரிங் வேண்டாம், போட்டோ எடிட்டிங்தான் வேண்டும் என்கிறாள். தனியார் பயிற்சி மையம் ஒன்று குறுகிய கால வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். மகளையும் தடுக்க வேண்டாம்.

"முகத்தை வெள்ளையாக்கும் வேலைக்கு எதற்குப் படிப்பு?" என்று அவள் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்குப் படிப்பு தேவையில்லைதான், கைபேசியே செய்துவிடுகிறது. நல்ல ஸ்டுடியோக்கள் சம்பளம் கொடுத்துத் தேடும் ஆள் வேறு.

கேமராவில் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்தால், ஒளியை உணரும் சென்சார் பதிந்த தகவல் ஏறக்குறைய முழுதாகக் கைக்கு வரும். நாம் வழக்கமாகப் பகிரும் சுருக்கப்பட்ட படக் கோப்பான ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளைத்தான் வைத்துக்கொள்ளும். 14 பிட் ராவில் 16,384. கல்யாண மண்டபத்தில் இதன் அருமை தெரியும். ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, மறுபக்கம் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, நடுவில் ஹோமப் புகை. அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் விழுந்திருக்கும். ராவில் ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் சரிக்கட்டல், படத்தோடு கெட்டிப்பட்டுவிடுவதில்லை என்பதால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மாப்பிள்ளையின் வேட்டி மூன்று வண்ணங்களிலும் முற்றாக வெளுத்துப்போயிருந்தால், அந்த இடத்தில் இருந்த மடிப்புகளை ராவிலிருந்தும் மீட்க முடியாது. எது மீளும், எது மீளாது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவரே எடிட்டர்.

இதைவிடப் பெரியது, மூலப்படத்தைத் தொடாமல் வேலை செய்யும் ஒழுங்கு. லைட்ரூம், கேப்ச்சர் ஒன், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் ராவில் பதிந்த படத்தை மாற்றுவதே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு என்ற கட்டளைகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்கின்றன. தையற்காரர் துணியில் கத்தரி வைக்காமல் அளவுச் சீட்டையே திருத்திக்கொண்டிருப்பதைப் போல. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் அந்தக் கட்டளைகளின்படி புதுப் படம் ஒன்று உருவாகிறது. ஆல்பம் அச்சுக்குப் போகும் தறுவாயில் பெண்வீட்டார் வந்து, "ஓரத்தில் நின்ற அத்தையை வெட்டிவிட்டீர்களே" என்பார்கள். வருவார்கள்; அத்தை இல்லாத கல்யாணம் ஏது? ஜேபெக்கைத் திருத்தி அதன் மேலேயே சேமித்தவர் அந்த அத்தையை எங்கே போய்த் தேடுவார்? ராவில் முறையாக வேலை செய்தவர் வெட்டை நீக்கிவிட்டு, மற்ற திருத்தங்கள் அப்படியே இருக்க, மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

புதியவர்கள் சறுக்கும் இடமும் இங்கேதான். லைட்ரூம் கிளாசிக் தன் திருத்தங்களை கேட்டலாக் என்ற கோப்பில் வைக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு திருத்தக் குறிப்புக் கோப்பாகவும் எழுதச் சொல்லியிருக்காவிட்டால், படங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது திருத்தங்கள் கூட வராது. அதன் பேக்கப்பும் கேட்டலாக்கை மட்டுமே நகலெடுக்கும், படங்களை அல்ல. இது தெரியாமல் 'பேக்கப் இருக்கிறது' என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே உண்டு.

ஆகவே மகளுக்கு ஒரு பரீட்சை வையுங்கள், செலவில்லாமல். டார்க்டேபிள் இலவசம், விண்டோஸிலும் ஓடும். ரா எடுக்கும் கேமரா யாரிடமாவது இரவல் கிடைக்கும். உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றைப் படமெடுத்து, தேர்ந்தெடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து, "இந்தப் படத்தில் நிறம் பிடிக்கவில்லை, மாற்று, அந்தப் படத்தின் மூலத்தைக் காட்டு, எல்லாவற்றையும் வேறு கணினியில் திறந்து காட்டு" என்று கேளுங்கள். அலுத்துக்கொள்ளாமல் செய்துகாட்டினால் பிள்ளைக்கு இந்தத் தொழில் ஒத்துவரும். படம் அழகாக இருக்கிறதா என்று இப்போது பார்க்க வேண்டாம். அந்தக் கண் பழகப் பழக வரும்.

வேலை எங்கே இருக்கிறது? கல்யாண ஸ்டுடியோக்கள் ஒரு பங்குதான்; அங்கே முகூர்த்த மாதங்களில் தூக்கம் இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. இணையத்தில் விற்கும் துணிக்கடைகளுக்கும் திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்கும் விற்பனைப் படங்களில் துணியின் நிறம் பிசகாமல் வர வேண்டும். ஆவணப் பணியும் உண்டு: புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்னாக்கம் செய்து பாதுகாத்திருக்கிறது. செய்தித்துறையில் விதிகள் கடுமை. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015இல் தன் சுயேச்சைப் புகைப்படக்காரர்களிடம், ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவே ஜேபெக்காகப் பதிந்ததை அனுப்புங்கள் என்றது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியோ இறுதிச் சுற்றுகளுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைத் தின்றுவிடுமா என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆளைத் தனியே பிரித்தெடுப்பதும் இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்குவதும் இன்று லைட்ரூமிலேயே ஒரு சொடுக்கில் நடக்கின்றன. பிரீசெட் எனும் ஆயத்தத் திருத்தங்களைப் போட்டுத் தள்ளுவதை மட்டும் கற்றவருக்கு வேலை குறையும் என்றே நினைக்கிறேன். அந்தப் பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தில் பாதி அதுதான். நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். திரையிலும் அச்சிலும் நிறம் ஒன்றாக வரச் செய்யும் நிறமேலாண்மை, மானிட்டர் நிறத்தைச் சரிப்படுத்தும் கேலிபரேஷன், கோப்பு ஒழுங்கு பற்றி ஒரு வரிகூட இல்லை.

பட்டப்படிப்பை விட வேண்டாம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் போதும். பட்டம் கையில் இருந்தால் பிறகு நுழைவுத் தேர்வு எழுதி குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) புகைப்பட வடிவமைப்பு முதுநிலைக்கும் முயலலாம். இப்போது செலவழிப்பதானால் புதுக் கேமராவில் அல்ல. நிறம் ஒழுங்காகக் காட்டும் ஒரு மானிட்டரும், தனித்தனி இடங்களில் வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. விடுமுறையில் தெரிந்த ஸ்டுடியோவில் உதவிக்குச் சேர்த்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள், நல்லது. சேரும் நாளிலேயே சம்பளத்தோடு இதையும் பேசிவிடுங்கள்: அவள் திருத்தும் படங்களில் சிலவற்றைத் தன் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படத்தொகுப்பில், வைத்துக்கொள்ளலாமா, அதற்கு அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தை யார் வாங்குவது. பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.