கேள்விக்கு நான்கு பகுதி, தேடலுக்கு இரண்டு போதும்

கேள்வி: இயன்முறை மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி உதவுமா என்று பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. கேள்வியை வகுக்கும் பிக்கோ முறையின் நான்கு பகுதிகளையும் (நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு) போட்டுத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதல் தவறு கேள்வியில் இருக்கிறது. ‘உடற்பயிற்சி உதவுமா?’ என்றால் யாருக்கு, எந்தப் பயிற்சி, எதைவிட, எதில் உதவ வேண்டும்? 1995இல் ஸ்காட் ரிச்சர்ட்சன் குழுவினர் எழுதிய பிக்கோ முறை, இதையெல்லாம் நம் வாயாலேயே சொல்ல வைக்கிறது. உங்கள் கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: முழங்கால் தேய்மானம் உள்ள அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, தசை வலுப்படுத்தும் பயிற்சி, வலிநிவாரணி மாத்திரையைவிட வலியைக் குறைக்கிறதா? (தேய்மானம் ஏன் வருகிறது என்பது போன்ற பொதுக் கேள்விக்கு பிக்கோ வேண்டாம். பாடநூலைப் புரட்டினாலே போதும்.)

சரி, கேள்வி தயார். இரண்டாவது தவறு, அதை அப்படியே தேடல் பெட்டியில் போட்டது. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பப்மெட் பொதுவாகத் தேடுவது தலைப்பு, சுருக்கம், பொருள் குறியீடு போன்ற பதிவு விவரங்களைத்தான். கட்டுரை முழுவதையும் அல்ல. வலியை அளந்த ஆய்வின் சுருக்கத்தில் ‘பெயின்’ என்ற சொல் இல்லாமலே போகலாம். ‘வோமாக்’ (மூட்டு வலி, விறைப்பு, செயல்பாடு ஆகியவற்றை அளக்கும் கேள்விப் பட்டியல்) மதிப்பெண் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஒப்பீடும் அப்படித்தான். நீங்கள் ‘பெயின்கில்லர்’ என்று போட்டிருப்பீர்கள், அவர்கள் ‘டைக்ளோஃபினாக்’ என்று எழுதியிருப்பார்கள். ‘ஆண்ட்’ (எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும்) போட்டு இணைக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு வடிகட்டி. நான்கு வடிகட்டி வைத்தால் நல்ல ஆய்வும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே நோயாளியையும் சிகிச்சையையும் வைத்து மட்டும் தேடலைத் தொடங்குங்கள். வயது, ஒப்பீடு, விளைவு எல்லாம் சுருக்கத்தைப் படித்துச் சலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். குவியல் பெரிதாக இருந்தால் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளுக்கான (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிப்பவை) வடிகட்டியைச் சேருங்கள், ஏனென்றால் உங்களுடையது சிகிச்சை பற்றிய கேள்வி. நோய்ப்போக்கு பற்றிய கேள்வி என்றால் காலப்போக்கில் பின்தொடரும் கோஹார்ட் ஆய்வுகளைத் தேட வேண்டியிருக்கும்.

வைத்துக்கொண்ட இரண்டு பகுதிகளையும் தாராளமாக விரியுங்கள். ‘நீ ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்’ என்பதோடு ‘ஆஸ்டியோஆர்த்ரோசிஸ்’, ‘கோனார்த்ரோசிஸ்’ ஆகியவற்றை ‘ஆர்’ (ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பயிற்சிக்கும் அப்படியே: ‘எக்சர்சைஸ்’, ‘ஸ்ட்ரெங்தனிங்’, ‘ரெசிஸ்டன்ஸ் டிரெய்னிங்’. பிறகு இரண்டு அடைப்புகளையும் ‘ஆண்ட்’ இணைக்கட்டும். அடைப்புக்குறியை மறந்தால் பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்குப் போட்டு வேறெதையோ கொட்டும். ‘மெஷ்’ எனப்படும் பொருள் குறியீட்டையும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே போடுங்கள். புதிதாக வந்த கட்டுரைக்குக் குறியீடு இன்னும் ஏறாமல் இருக்கலாம்; பழையதில் நீங்கள் நினைத்த சொல் இல்லாமல் இருக்கலாம்.

‘நாட்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். இடுப்பு மூட்டு வேண்டாம் என்று ‘நாட் ஹிப்’ போட்டால், இடுப்பையும் முழங்காலையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளும் காணாமல் போகும்.

தேடல் சரிதானா என்று சோதிக்க நான் செய்வது இது: பொருத்தமானவை என்று ஏற்கெனவே தெரிந்த மூன்று கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொள்வேன். அவை என் முடிவுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒன்று விட்டுப்போனாலும் அதன் பதிவைத் திறந்து, ஆசிரியர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், எந்த மெஷ் குறியீடு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதை உரிய அடைப்புக்குள் சேர்ப்பேன். அப்புறம் மறுபடி தேடுவேன். ஒவ்வொரு முறையும் தேடல் வரியைத் தேதியோடு நகலெடுத்து வையுங்கள். ஆய்வேட்டில் அதைக் கேட்பார்கள்.