பேர்கன் பேச்சு பிடிபடவில்லையா, தங்கச்சி?

ஒஸ்லோவில் நோர்வே மொழியில் பி2 (மேல்நிலை) சோதனை வரை பாஸ் பண்ணிவிட்டு, நோர்வேயின் மேற்குக் கரை நகரமான பேர்கனில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால் ஒரு வசனமும் விளங்கவில்லை, திரும்பவும் வகுப்புக்குப் போகவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை தங்கச்சி. நீங்கள் படித்த பூக்மோல் எழுத்து மொழி. இந்த நாட்டில் பேச்சுக்கென்று அரசு வகுத்த பொதுவடிவம் கிடையாது. நாடாளுமன்றத்தில்கூட அவரவர் ஊர்ப் பேச்சில்தான் கதைப்பார்கள்.

முதலில் கேள்விச் சொற்களைப் பிடியுங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். வகுப்பில் 'வ'வில் தொடங்கியதெல்லாம் இங்கே 'க'வில் தொடங்கும். 'வெம்' (யார்) இங்கே 'கெம்', 'வா' (என்ன) இங்கே 'கா', 'வூர்' (எங்கே) இங்கே 'கூர்'. ஏன் என்பதற்கு 'கொஃபொர்', எப்படி என்பதற்கு 'கொஸ்ஸன்'. இருக்கிறது என்பதற்கான 'ஏர்' தேய்ந்து வெறும் 'எ' ஆகிவிடும். காலையில் அறைக்குள் போனதும் கட்டிலில் இருக்கிற அம்மா "கெம் எ டூ?" என்றால், நீ யார் என்று கேட்கிறார், அவ்வளவுதான். பிறகு, நான் என்பதற்கு 'யெய்' இல்லை, 'ஏக்'. இல்லை என்பதற்கு 'இக்கே' அல்ல, 'இச்சே'. இளம் பிள்ளைகள் வாயில் அது 'இஷ்ஷே' என்றே விழும். பலரை நீங்கள் என்னும் 'டேரே'க்கு 'டொக்கர்'. குப்பை 'பொஸ்'. நகரத்தில் நிலத்தடிக் குழாய்வழியாகக் குப்பையை உறிஞ்சியெடுக்கும் அமைப்புக்கும் 'பொஸ்நெட்' என்றுதான் பெயர்.

உங்களைக் குழப்புவது இன்னொன்றாகவும் இருக்கலாம். ஒஸ்லோக்காரர் 'ர்' உடன் ட, ன வந்தால் இரண்டையும் சேர்த்து நாக்கை மடித்துவிடுவார்கள். பிள்ளை என்பதற்கான சொல்லை அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட நம்முடைய 'ண்' போட்ட 'பாண்'. தமிழருக்கு அது சும்மா வரும். பேர்கனில் 'ர' தொண்டையில் உரசுகிறது, ஆகவே நாக்கு மடியாது. அதே சொல் 'பாஹ்ன்' மாதிரிக் கேட்கும். ஸ்டவாங்கர், கிறிஸ்தியான்சான் பக்கமும் இதே தொண்டை 'ர'தான். அதை நீங்கள் பழகத் தேவையில்லை, காது பழகினால் போதும். உங்கள் 'ர' எல்லாருக்கும் விளங்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நோர்வேயின் பெரும்பாலான வட்டார வழக்குகளில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால், பேர்கனில் இரண்டுதான். புத்தகத்தை 'பூகா' என்று ஒஸ்லோவில் சொன்னது இங்கே 'பூகன்'. 1360 அளவிலிருந்து ஹான்சா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் பேர்கன் துறைமுகத்தில் அலுவலகம் வைத்து நூற்றாண்டுக் கணக்கில் இருந்தார்கள். அந்த ஜெர்மன் கலப்பால்தான் பெண்பால் உதிர்ந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். பூக்மோலிலும் இரண்டு பால் போட்டு எழுதலாம், பிழையில்லை.

ஆனால் உங்கள் வேலையிடத்தில் எல்லாரும் பேர்கன் நகரத்தார் என்று நினைக்காதீர்கள். சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் வொஸ் பக்கமிருந்தும் வருகிறவர்களின் பேச்சு வேறு, அவர்களிடம் மூன்று பாலும் இருக்கும். பேர்கன் இருக்கிற வெஸ்ட்லான் மாகாண நிர்வாகம் எழுதுவது, பூக்மோல் போல இன்னொரு எழுத்து வடிவமான நீநொஷ்கில். அதிலும் 'ஏக்', 'இச்சே' வரும், பயப்படாதீர்கள்.

பேருந்தில் அரசு ஒலிபரப்பான என்ஆர்கேயின் வெஸ்ட்லான் வானொலி கேளுங்கள். விளங்காதபோது தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள், மருந்து விஷயத்தில் அது ஆபத்து. "கான் டூ சி டே ஏன் கங் டில்?" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினால், நொஷ்கிலேயே (நோர்வே மொழியிலேயே) சொல்லுங்கள் என்று நில்லுங்கள். நீங்கள் கதைப்பது ஒஸ்லோ மாதிரியே இருக்கட்டும், அதை யாரும் குறையாக எடுப்பதில்லை. வேலை முடிந்து எழுதும் அறிக்கைக்கு உங்கள் பூக்மோலே போதும்.